டப்பாவில் சார்ஜ் ஏறாத விஜயதசமி

விஜயதசமி அன்று காலை ஆறு பத்துக்கு மகளின் டப்பாவை அதன் ஸ்டாண்டில் வைத்தேன். பச்சை விளக்கு எரியவில்லை.

எடுத்துத் திரும்ப வைத்தேன். சரியாக உட்காரவில்லை போல என்று நினைத்து, இலேசாக அழுத்தி வைத்தேன். அப்போதும் எரியவில்லை. கம்ப்யூட்டர் திரையின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்ததால் அந்த நேரம் மனதில் தங்கிவிட்டது. மறுநாள் விடியற்காலையில் அவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். டப்பாவின் பேட்டரியில் கால்வாசிகூட மிச்சமில்லை.

டப்பா என்று நாங்கள் சொன்னது ஒரு கையடக்க ஆர்கனைசரை. வெளிநாட்டில் ஆபீஸ்காரர்கள் விலாசமும் போன் நம்பரும் குறித்துக்கொள்ள வைத்திருப்பது. உள்ளங்கை அகலம். கண்ணாடியில் சின்னச் சின்ன ஆங்கில எழுத்துகள் வரும். ஒரு பிளாஸ்டிக் குச்சியால் தொட்டால் அந்த எழுத்து மேலே விழும். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி, தான் புழங்கியதை அக்கா மகளுக்காக அனுப்பியிருந்தான். அவன் அதில் மீட்டிங் நேரங்களை வைத்திருந்தான். என் மகள் அதில் பேசினாள்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில், வணிகவியல் இரண்டாம் ஆண்டு சேர்ந்த வாரம், தோழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவளுடைய துப்பட்டாவின் நுனி பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. கழுத்தை இறுக்கி, இழுத்து, ரோட்டில் போட்டது. குரல்வளை நசுங்கிவிட்டது. வலது கை முறிந்து, நரம்பும் பட்டு, விரல்கள் பேனாவைப் பிடிக்க மறுத்தன. மதுரையில் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். மூச்சு குழாய் வழியே போய் வந்ததால் குரல்வளைக்குக் காற்று இல்லை. அதனால் சத்தமும் இல்லை. குழாயை எடுக்கும்போது குரலைப் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இடது கையால் அவள் எழுதியது கோழி கிளறியது போல இருக்கும். அதனால் முதலில் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஸ்பூனையும் கட்டில் பக்கத்தில் வைத்தோம். ஏதாவது வேண்டும் என்றால் தட்டுவாள். ஒரு நாள் காலை நான் சட்னிக்கு மிக்ஸியை ஓடவிட்டிருந்தேன். நிறுத்திய பிறகுதான் டம்ளர் சத்தம் கேட்டது. சாதாரணத் தட்டல் இல்லை அது. ஓடிப்போய்ப் பார்த்தால் முகம் கறுத்துவிட்டிருந்தது. குழாயில் சளி அடைத்திருந்தது. உறிஞ்சும் மெஷினை வைத்து எடுத்தேன், மூச்சு வந்தது. எவ்வளவு நேரம் தட்டினாள் என்று பிறகு கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்றும் நான் மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிடுவதில்லை. பாதியில் நிறுத்தி, வீட்டைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி போடுவேன்.

டப்பா வந்த பிறகு வீடு மாறியது. தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பாள். முதல் நாள் அடித்தது, "சாம்பாரில் உப்பு இல்லை. ரெண்டு மாசமா இல்லை." அவள் அப்பா அதைப் பார்த்துவிட்டு, "இதச் சொல்ல ஆளில்லாமத்தான் நானும் கெடந்தேன்" என்றார். ஊமையென்றால் செவிடும்தான் என்று நினைத்து, வருகிறவர்கள் அவள் காதுக்குள் கத்துவார்கள். அவள் நிதானமாக அடித்துக் காட்டுவாள்: "காது நல்லாக் கேக்குது. இப்பத்தான் வலிக்குது."

டப்பாவுக்கு ஒரு பலவீனம் இருந்தது. பேட்டரி முழுக்கத் தீர்ந்துவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். அதனால் தினமும் ஸ்டாண்டில் வைக்க வேண்டும். ஸ்டாண்டிலிருந்து ஒரு வயர் கரண்டுக்குப் போகும், ஒன்று கம்ப்யூட்டருக்கு. ஸ்டாண்டின் முன்னால் இருக்கும் பட்டனை அழுத்தினால் அவள் அடித்ததெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு நகல் ஏறிவிடும். தனியாகச் சார்ஜர் கிடையாது. ஸ்டாண்டு இல்லாவிட்டால் கரண்டும் இல்லை, நகலும் இல்லை. நகல் எடுக்கிற வேலை என்னுடையது. படிக்கிற உரிமை எனக்கு இல்லை. "நான் பேசினதத் திருப்பி ஓடவிட்டுக் கேக்கக் கூடாது" என்று ஆரம்பத்திலேயே அடித்துக் காட்டிவிட்டாள். நான் படித்ததில்லை. இதைச் சொன்னால் என் கணவர் நம்பமாட்டார்.

முந்தின நாள் ஆயுத பூஜை. எங்கள் வீட்டில் பூஜைக்கு வைத்த சாமானை மறுநாள் காலை வரை தொடுவதில்லை. கம்ப்யூட்டரும் அதில் அடக்கம். அவர் குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு, ஒரு கிண்ணத்தில் சந்தனமும் இன்னொன்றில் குங்குமமுமாக வீட்டைச் சுற்றி வந்தார். அரிவாள், மண்வெட்டி, தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கழுவி வைத்த மருந்து ஸ்ப்ரேயர், மோட்டார் சைக்கிள், தையல் மெஷின், பிரிட்ஜ், மகளுக்குச் சளி உறிஞ்சும் மெஷின் எல்லாவற்றுக்கும் பொட்டு விழுந்தது. கடைசியில் மகளிடம் வந்தார்.

"ஆத்தா, டப்பாவக் குடு. ஒரு பொட்டு வச்சு சாமிகிட்ட வைப்போம். நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்."

அவள் அடித்தாள்: "வாயக் கழட்டிப் பூஜையில வைக்க முடியாது."

"அப்ப பொட்டாச்சும் வைக்கிறேன்."

"எனக்கு வைங்க."

அவள் நெற்றியில் வைத்துவிட்டுப் போனார். பொரிகடலையும் சுண்டலும் தின்றுகொண்டு அன்று முழுக்க அவள் அடித்துக்கொண்டே இருந்தாள். மதுரைக்கான வாக்கியங்கள். ஆஸ்பத்திரியில் எழுத்து எழுத்தாகத் தொட்டு அடிக்க நேரம் இருக்காது. தயாராக வைத்திருந்தால் ஒரு தொடலில் காட்டிவிடலாம் என்பது அவள் யோசனை. "மூச்சு முட்டுது." "கொஞ்சம் நிறுத்துங்க." "இடது பக்கம் வலிக்குது." "என்ன செய்யப் போறீங்கன்னு என்கிட்டச் சொல்லுங்க, அம்மாகிட்ட இல்ல." இந்தக் கடைசியை என்னிடம் காட்டி, ஒப்புதல் கேட்பது போலப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

மதுரையில் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் குரல்வளையைப் பார்த்துவிட்டு, கழுத்துக் குழாயின் வாயை மூடிப் பார்ப்பார்கள். தாங்கினால், அதன் பிறகு எடுப்பது பற்றி முடிவு. அந்த அறைக்குள் எங்களை விடமாட்டார்கள். உள்ளே மூச்சு அடைத்தால் அவள் எப்படிச் சொல்வாள் என்பதுதான் வாரக்கணக்காக என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கேள்வி. அதற்குப் பதில் அந்த டப்பாவில் இருந்தது. வாக்கியங்கள் எதற்கும் இன்னும் நகல் எடுக்கவில்லை.

ஆகவே, பச்சை விளக்கு எரியவில்லை என்றால் அது விளக்கு மட்டும் இல்லை.

நான் உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் தெரிந்தது மூன்றே வித்தை: அணைத்துப் போடுவது, வயரைப் பிடுங்கி மாட்டுவது, இரண்டுக்கும் மசியவில்லை என்றால் தேனியில் இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரருக்குப் போன் போடுவது. முதல் இரண்டையும் செய்தேன். ஸ்டாண்டின் பட்டனை அழுத்தினேன். வழக்கமாக ஒரு சின்ன இசை கேட்கும். அன்று கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை. இணைப்பில் எந்தச் சாதனமும் இல்லை என்று திரை சொன்னது. கரண்டும் ஏறவில்லை, கம்ப்யூட்டருக்கும் தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து போயிருக்கிறது.

முந்தின நாள் சாயங்காலம் மழைக்குக் கரண்டு போய், திரும்ப வந்தபோது டியூப்லைட் ஒரு கணம் வெள்ளையாய்ப் பொங்கியது நினைவுக்கு வந்தது. அந்த வேகத்தில் ஸ்டாண்டு கருகிவிட்டது என்று முடிவு கட்டினேன். பயப்படுகிறவளுக்குக் காரணம் கிடைத்துவிட்டால் அதைவிட்டு மனது நகராது. அடாப்டரை வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் வயரை அடுத்த துளைக்கு மாற்றினேன். ஸ்டாண்டை மூக்கருகே வைத்து மோந்துகூடப் பார்த்தேன். கருகிய வாடை இல்லை. பூஜை அறை வாசம்தான் வந்தது. வீடே அப்படித்தான் மணத்துக்கொண்டிருந்தது.

என் கணவர் அதற்குள் ஸ்ப்ரேயரை எடுத்துக்கொண்டு திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருந்தார். மழை ஈரம் காய்வதற்குள் மருந்து அடிக்காவிட்டால் கொடியில் நோய் விழுந்துவிடும்.

தேனி ஆள் மூன்றாவது தடவை அடித்த பிறகுதான் போனை எடுத்தார். பின்னால் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது.

"மேடம், இன்னிக்குக் கடை தெறக்குறதே பூஜைக்குத்தான். என்ன பிரச்சனை?"

சொன்னேன்.

"ஆர்கனைசரா? அத நான் கையில தொட்டதே இல்ல மேடம். ஒண்ணு செய்யலாம். கம்ப்யூட்டர ஃபார்மட் பண்ணிருவோம்."

"கம்ப்யூட்டர்லதாங்க பழைய நகல் இருக்கு. அதையும் அழிச்சுட்டா?"

"அழிச்சாத்தான மேடம் புதுசா வரும்."

ஃபார்மட் செய்யாமல் சரியாகிற கோளாறு உலகத்தில் எதுவும் இல்லை என்பது அவருடைய நம்பிக்கை. நாளைக்கு வேண்டுமானால் வருகிறேன் என்றார். நாளைக்கு நாங்கள் மதுரையில் இருப்போம். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மகள் எழுந்து வந்து நின்றாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். டப்பாவை வாங்கி பேட்டரி அளவைப் பார்த்தாள். பிறகு குச்சியை அதன் இடத்தில் செருகி, அணைத்து, என் கையில் கொடுத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனாள்.

சிறிது நேரத்தில் டம்ளர் சத்தம் கேட்டது.

சாதாரணத் தட்டல்தான். தண்ணீர் கேட்டாள். ஆனால் நான் ஓடிய ஓட்டத்தில் சொம்பிலிருந்து தண்ணீர் தரையில் கொட்டியது. பேட்டரியை மிச்சம் பிடிக்கப் பேச்சை நிறுத்திவிட்டாள். மறுநாள் அந்த அறைக்குள் சொல்ல வேண்டியதற்காக இன்றைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் முடிந்து வைத்துக்கொண்டாள். வெயில் ஏற ஏற அந்த டம்ளர் ஒலி என்னைத் துரத்தியது. தட்டும்போதெல்லாம் ஓடினேன். இரண்டு தடவை அவள் தட்டாமலே ஓடினேன்.

தம்பிக்கு ஐ.எஸ்.டி. போட்டேன். அங்கே நேரம் நம்மைவிட முன்னால் ஓடும். ஏதோ மீட்டிங்குக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தான். ஆனாலும் என் குரலைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, பதறாத. டப்பாவத் திருப்பு. பின்னாடி குட்டியா ஒரு ஓட்டை இருக்கா?"

"இருக்கு."

"அதுல ஊசி மாதிரி எதையாச்சும் விட்டு அமுக்கு. அணைஞ்சு தானா எந்திரிக்கும். ஒண்ணு மட்டும். அமுக்கையில மேல இருக்க பவர் பட்டனத் தொட்டுறாத. தொட்டா எல்லாம் அழிஞ்சுரும்."

"எல்லாம்னா?"

"எல்லாம்தான்க்கா. பொறந்த பிள்ள மாதிரி ஆயிரும்."

"ஏலே, நல்ல நாளும் அதுவுமா உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"கேட்டா சொல்லணும்ல! வேணாம்னா விட்டுரு. அது செஞ்சும் ஸ்டாண்டு எடுக்கலைன்னா கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேரக் கழட்டிட்டு மறுபடி போடு. போட்டதும் எது எத அழிக்கணும்னு ஒரு இடத்துல கேக்கும். கம்ப்யூட்டர்ல உள்ளத டப்பாவுக்குத் தள்ளீட்டீன்னா நேத்து அவ அடிச்சது போயிரும். பாத்துச் செய்."

எல்லா வழிக்கும் ஒரு முனையில் அழிந்துபோதல் நின்றுகொண்டிருந்தது.

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். ஊக்கோடு என்னைப் பார்த்ததும் மகள் எழுந்து டப்பாவைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். தம்பி சொன்னதைச் சொன்னேன். யோசித்தாள். பிறகு என் கையிலிருந்து ஊக்கை வாங்கிக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். நான்தான் செய்வேன் என்று அர்த்தம். நான் டப்பாவைக் கவிழ்த்து, பவர் பட்டன் பக்கம் ஒரு விரலும் போகாமல் ஓரங்களைப் பிடித்துக்கொண்டேன். பழகாத இடது கையால் அவள் ஊசி முனையைத் துளைக்குள் இறக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள்.

திரை வெளுத்தது. ஒரு படம் வந்தது, போனது. மறுபடி எழுத்துகள் வந்தன. அவள் குச்சியை எடுத்துத் தேடினாள். "மூச்சு முட்டுது" இருந்தது. "கொஞ்சம் நிறுத்துங்க" இருந்தது. எல்லாம் இருந்தன. மூச்சு முட்டுகிறது என்ற வாக்கியத்தைப் பார்த்து ஒரு தாய் சந்தோஷப்படுவாள் என்று அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஸ்டாண்டில் வைத்தோம். விளக்கு எரியவில்லை.

சாஃப்ட்வேர் சிடியைத் தேடி எடுத்து, பழையதைக் கழற்றிப் புதிதாகப் போட்டேன். கழற்றுவதற்கு முன்பாக, பழைய நகல் இருந்த கோப்புகளை வேறு இடத்தில் பத்திரப்படுத்தினேன். கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் ஆம்-இல்லை கேட்கும்போது, எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையைப் போலப் படித்தேன். எது எதை அழிக்க வேண்டும் என்ற கேள்வி வந்த இடத்தில், எதையும் அழிக்காமல் இரண்டையும் சேர்த்துக்கொள் என்பதைத் தேர்ந்தேன். எல்லாம் முறையாக முடிந்தது. கம்ப்யூட்டர் தயார் என்றது. டப்பாவை வைத்துப் பட்டனை அழுத்தினேன். சாதனம் இல்லை என்றது.

டப்பா சிவப்புக் குறி காட்ட ஆரம்பித்தது. அணைத்து வைத்தேன். கட்டிலில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். டம்ளரையும் தட்டவில்லை. பழைய நோட்டு ஒன்றை எடுத்து, அவள் வாக்கியங்களைக் கொட்டை எழுத்தில் பக்கத்துக்கு ஒன்றாக நானே எழுதித் தரலாமா என்று யோசித்தேன். மல்லாந்து படுத்து, ஒரு கை விளங்காமல், மூச்சு அடைக்கும்போது எந்தப் பக்கத்தைப் புரட்டுவாள்?

அந்த நேரத்தில்தான் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸ்ப்ரேயரை இறக்கி, தொம்மென்று முற்றத்தில் வைத்தார் அவர். வழக்கமாக மருந்து வாடையோடு வருவார். அன்று உடம்பெல்லாம் வியர்வையும் மண்ணும் மட்டும்தான்.

"அடிக்கலையா?" என்றேன்.

"எங்கிட்டு அடிக்க! காலையிலிருந்து கயித்த இழுத்தேன் இழுத்தேன், தோள்பட்டையே கழண்டு போச்சு. ஸ்ப்ரேயர் இன்ஜின் உறுமவே மாட்டேங்குது. பெட்ரோல் இருக்கு, எல்லாம் இருக்கு. பக்கத்துத் தோட்டத்துக்காரன் வேற வந்து நின்னு, பூஜை போட்ட மறுநாளே மக்கர் பண்ணுதே, சாமி குத்தமாங்கிறான். கடைசியில ஸ்பார்க் பிளக்கக் கழட்டிப் பாத்தா, முனையில சந்தனம் அப்பிக் கெடக்கு. யாருடா வச்சதுன்னு வைய வாயத் தெறந்தேன். பொறவுதான் நெனப்பு வருது, நாந்தான் வச்சேன்!"

"பிளக்குக்குப் போயி யாராச்சும் பொட்டு வைப்பாகளா?"

"கழட்டிக் கழுவிக் காய வச்சிருந்தேன். அது மட்டும் சும்மா கெடக்கேன்னு ஒண்ணு வச்சேன். காஞ்சு கல்லு மாதிரி ஆயிருச்சு. நெருப்பு எங்கிட்டு வரும்?"

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மகள் வந்து நிலைப்படியில் நின்றாள். அணைத்து வைத்திருந்த டப்பாவை என் மடியிலிருந்து எடுத்தாள். சிவப்புக் குறி காட்டிக்கொண்டிருந்த பேட்டரியை, காலையிலிருந்து தண்ணீருக்குக்கூடச் செலவழிக்காததை, ஆன் செய்து ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டு அடித்தாள். அடித்துவிட்டு அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"அப்பா, என் வாய்க்குள்ளயும் வச்சீகளா?"

அவர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அவர் முகத்திலிருந்த கோபம் எப்படி வடிந்தது என்பதை நான் இப்போதும் பார்க்கிறேன்.

"நீ டப்பாவத் தர மாட்டேன்னுட்ட ஆத்தா..." என்று மெதுவாக ஆரம்பித்தார். "அதான்... அது உக்கார்ற எடத்துக்காச்சும் வைப்போமேன்னு... உள்ள தள்ளி வச்சேன். வெளிய தெரிஞ்சா நீ தொடைச்சுருவேன்னு."

நான் ஸ்டாண்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். டப்பாவின் அடிப்பாகம் போய் உட்காருகிற பள்ளத்தின் அடியில் தங்க நிறத்தில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். அதன் வழியாகத்தான் கரண்டும் போகும், எழுத்தும் போகும். அந்த வரிசையின் மேல், அளவெடுத்து வைத்தது போல, உலர்ந்து வெடித்த சந்தனப் பொட்டு. நடுவில் குங்குமம். காலையில் மூக்கருகே வைத்து மோந்து பார்த்ததை நினைத்தேன். வாசனை வந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

கோபப்பட எனக்கு நேரம் இல்லை. அவளுக்கும் தோன்றவில்லை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க, கழுத்துக் குழாய் வழியே சீறிச் சீறிக் காற்று வெளியே வந்தது. சிரித்தால் இருமல் வரும், இருமினால் சளி கட்டும் என்று நான் பயந்துகொண்டே பார்த்தேன். ஆனால் நிறுத்தச் சொல்லவில்லை.

அவள் கழுத்துப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதற்காக வீட்டில் ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சிகளும் எப்போதும் இருக்கும். எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு ஸ்டாண்டை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் டார்ச் அடித்தார். பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றிச் சந்தனத்தை ஊற வைத்தேன். தகடுகள் முடி கனத்தில் இருந்தன, அழுத்தினால் வளைந்துவிடும். ஊறியதை வழித்து எடுக்க எடுக்க, சிவப்பு இடுக்குக்குள் இறங்கியது. புதுப் பஞ்சு. மறுபடி புதுப் பஞ்சு. அவர் டார்ச்சைப் பிடித்த கை அசையவே இல்லை. பல்லிடுக்கில் சிக்கிய மீன்முள்ளை எடுப்பது போல இருந்தது என்று பிறகு சொன்னார்.

"சாமி பொட்ட ஸ்பிரிட்டு வச்சு அழிக்கோம்" என்று மட்டும் ஒரு தடவை முனகினார்.

"சாமிக்கு இவ பேசணும்னு இருக்கா இல்லையா?"

"இருக்கும், இருக்கும். தொட."

காய்வதற்கு வெயிலில் வைக்கவா என்றார். தகடு சுட்டுவிடும் என்று மின்விசிறிக்கு அடியில் வைத்தோம். மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிறகு வயர்களை மாட்டினேன். டப்பாவை வைக்கும் வேலையை மகளிடம் கொடுத்தேன். இடது கையால் மெல்ல இறக்கினாள்.

பச்சை விளக்கு எரிந்தது.

யாரும் அசையவில்லை. அணைந்துவிடுமோ என்று நினைத்தோம். அணையவில்லை. பேட்டரி கொஞ்சம் ஏறும்வரை பொறுத்திருந்து, அவள் ஸ்டாண்டின் பட்டனை அழுத்தினாள். கம்ப்யூட்டர் தன் சின்ன இசையைப் பாடியது. திரையில் ஒரு அம்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. முடிந்தது என்றது. நான் அவள் வாக்கியங்கள் வந்துவிட்டனவா என்று பார்க்க மவுஸைத் தொட்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள். எழுதியதைத் தானே திறந்து பார்த்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையாட்டினாள்.

அவர் எழுந்து ஸ்ப்ரேயரின் பிளக்கை அதே ஸ்பிரிட்டில் துடைத்துக்கொண்டு மறுபடி தோட்டத்துக்குப் போனார்.

மறுநாள் இருள் பிரியும் முன் காரில் கிளம்பினோம். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டுகிறவரை அவள் என் தோளில் தூங்கினாள். டப்பா முழுச் சார்ஜோடு என் கைப்பைக்குள் இருந்தது. ஸ்டாண்டை ஒரு துண்டில் சுற்றி அவர் மடியில் வைத்திருந்தார். வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில், அந்த அறை வாசலில் நின்ற வயதான ஆயாம்மா டப்பாவைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"உள்ள ஒண்ணும் கொண்டு போகக் கூடாது. வளையல், செயின், இந்த மாதிரி சாமான் எல்லாம் வெளியில குடுத்துரணும்."

நான் அலுவலகத்தில்கூட யாரிடமும் குரலை உயர்த்தாதவள். அன்றைக்கு உயர்த்தினேன். என்ன சொன்னேன் என்று கோர்வையாக நினைவில்லை. இவள் அதில்தான் பேசுவாள், அது இல்லாமல் உள்ளே அனுப்பமாட்டேன், டாக்டரைக் கூப்பிடுங்கள் என்ற மாதிரி ஏதோ. குரல் நடுங்கவில்லை. டாக்டரே வெளியே வந்தார். மகள் டப்பாவை உயர்த்தி ஒரு தொடலில் அவரிடம் காட்டினாள். எந்த வாக்கியம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் படித்துவிட்டு, என்னைப் பார்க்காமல், அவளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். மூக்கில் மருந்து அடிப்போம், கொஞ்சம் மரத்துப்போகும், பிறகு குழாய் விடுவோம், முட்டினால் கையைத் தூக்கு, இதையும் காட்டு. டப்பாவை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் கவருக்குள் போட்டுக் கொடுக்கச் சொன்னார். கவரின் மேலே தொட்டாலும் எழுத்து விழுகிறதா என்று அவள் அங்கேயே சோதித்துப் பார்த்துக்கொண்டாள். கதவு மூடியது.

பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே ஏதாவது உலோகம் உலோகத்தில் பட்டுச் சத்தம் கேட்டால் நான் எழுந்து நிற்பேன். அவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பார். "டம்ளர் இல்ல, தட்டு. உக்காரு" என்பார். எதிரில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு முறை மாறிவிட்டார்கள். காப்பி வாங்கி வந்தார், ஆறிப்போனது. அந்தக் கதவுக்கு அப்பால் அவளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறதா, அதை யாராவது படிக்கிறார்களா என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

கடைசியில் கதவைத் திறந்துகொண்டு ஒரு நர்ஸ் வந்தார். இளம் வயது. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, பெஞ்சு வரிசையைப் பார்த்து, "அந்தக் கழுத்துக் குழாய்ப் பிள்ளையோட அம்மா யாரு?" என்றார். நான் கையைத் தூக்கினேன். கிட்டே வந்து குனிந்தார்.

"குழாய மூடியாச்சும்மா. மூடியும் நல்லாவே மூச்சு விடுது. சத்தம் இன்னும் வெறும் காத்தாத்தான் வருது, கொஞ்ச நாள் ஆகும், ஆனா வந்துரும்னாக டாக்டரு. நாளைக்கு வரைக்கும் பாத்துட்டுக் குழாய எடுக்கலாம்னாக. அதெல்லாம் சரிம்மா. உள்ள எங்க யாரையும் ஒரு வேலை பாக்க விடல உங்க பிள்ள. இங்கன வலிக்குதுங்குது, அங்கன அமுக்காதீகங்குது, கொஞ்சம் நிறுத்துங்கன்னு அந்தக் கவரத் தூக்கித் தூக்கி மூஞ்சிக்கு நேரா நீட்டுது. டாக்டரே ரெண்டு தடவ கைய எடுத்துட்டு நின்னுட்டாக. ஏம்மா, வீட்டுலயும் இப்படித்தான் வாயாடுமா இது?"